பனி இல்லாத மலையில் கால்தடம் தேடலாமா? வனவிலங்கு கணக்கெடுப்பில் நீங்களும் சேரலாம்... எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் பக்கம் நின்று மேற்கே பார்த்தால், வீட்டு மாடிகளுக்கும் தென்னைகளுக்கும் பின்னால் மலை நீலமாகத் தெரியும். தினமும் அந்த வழியாக பைக்கில் போகிறவர்களுக்கு அது வெறும் பின்னணி. ஆனால் அந்த மலையில் இந்த நேரம் ஏதோ ஒரு மரத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், கையளவு பெட்டி ஒன்று கட்டப்பட்டிருக்கலாம். அதன் முன்னால் மான் போனாலும் கிளிக், புலி போனாலும் கிளிக், தேன் எடுக்கப் போகும் மனிதர் போனாலும் கிளிக்.

அந்தப் பெட்டியைக் கட்டுவது யார்? அதில் பதிவாகும் படங்களை உட்கார்ந்து பார்ப்பது யார்? அதை வைத்து 'இத்தனை புலி' என்று எப்படிச் சொல்கிறார்கள்? முக்கியமாக, மதுரையிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் ஒரு சாதாரண ஆள் இதில் சேர முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது எந்தக் காடு?

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதையும் தேனி பக்கம் உள்ள மேகமலை சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகம், தமிழ்நாட்டில் 5-ஆவது. மொத்தப் பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தோடு இது ஒட்டியிருக்கிறது. புலிக்கு மாநில எல்லை தெரியாது. இந்த வாரம் இங்கே, அடுத்த வாரம் அங்கே.

புலியை விடுங்கள். இந்தக் காடு வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதி. தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று வைகைத் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர்களின் குழாய்க்கும் இந்த மேட்டுக் காட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காடு நல்லா இருக்கா, இல்லையா என்பதைச் சொல்லும் அளவுகோல்களில் ஒன்றுதான் அதில் வாழும் விலங்குகளின் கணக்கு.

பனியில் கால்தடம்: மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்?

குளிர் நாடுகளில் வனவிலங்கு கணக்கெடுப்பவர்களுக்கு இயற்கை கொடுத்த வசதி பனி. இரவு புதுப் பனி விழுந்தால், மறுநாள் காலை அது வெள்ளைத் தாள். அதில் ஓநாய் நடந்ததா, நரி நடந்ததா, எத்தனை, எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் எழுதியிருக்கும்.

பின்லாந்தில் 1980-களின் இறுதியிலிருந்து இதை ஒரு மக்கள் இயக்கமாகவே செய்கிறார்கள். காட்டில் பக்கத்துக்கு 4 கிலோமீட்டராக மொத்தம் 12 கிலோமீட்டர் முக்கோணப் பாதை. உள்ளூர் தன்னார்வலர்கள் குளிர்காலத்தில் அதில் போய், பாதையைக் குறுக்கே கடந்திருக்கும் தடங்களை எண்ணுவார்கள். வருடா வருடம் அதே பாதை, அதே முறை. அதனால்தான் ஏற்ற இறக்கம் தெரிகிறது.

இந்தியாவில் இதற்கு இணை, இமயமலையின் பனிச்சிறுத்தை கணக்கெடுப்பு. 2019 முதல் 2023 வரை நடந்த நாட்டின் முதல் முழுமையான கணக்கெடுப்பில் 13,450 கிலோமீட்டர் தூரத்துக்குத் தடங்களையும் எச்சங்களையும் தேடி நடந்தார்கள். 1,971 இடங்களில் கேமரா வைத்தார்கள். படத்தில் சிக்கிய தனித்தனி பனிச்சிறுத்தைகள் 241. அதை வைத்து மதிப்பிடப்பட்ட மொத்த எண்ணிக்கை 718. அதில் லடாக்கில் மட்டும் 477. இந்த அறிக்கை 2024 ஜனவரி 30-ல் வெளியானது.

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் இந்த வேலையில் உள்ளூர் ஆட்களின் பங்கு பெரிது. ஆட்டை அடிக்கும் விலங்கு என்று பனிச்சிறுத்தையைப் பார்த்துப் பழகிய ஊர்களில் ஒன்றான கிப்பர் கிராமத்தில், இன்று பெண்களே பயிற்சி எடுத்து மலையேறி கேமரா பொருத்துகிறார்கள். படங்களைக் கம்ப்யூட்டரில் பிரித்தும் கொடுக்கிறார்கள்.

நம்ம ஊர்ல பனி எங்கே?

ஆண்டாள் ஊரில் பனி என்றால் மார்கழிப் பனிதான். அதில் கால்தடம் பதியாது. ஆனால் அதே வேலையைச் செய்ய இங்கே வேறு பொருள்கள் இருக்கின்றன. வற்றிய ஓடையின் மணல், மழை விட்ட மறுநாள் ஈரமண், வண்டிப் பாதையின் புழுதி. கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் கண் வைப்பது இந்த மூன்றின் மேல்தான்.

முதல் முறை போகும் தன்னார்வலருக்குச் சொல்லித்தரப்படும் அடிப்படைப் பாடம் இது:

- பூனைக் குடும்பம் (புலி, சிறுத்தை): நான்கு விரல்கள், பின்னால் மூன்று மடிப்புள்ள பெரிய பாதம். நகத்தடம் பொதுவாகத் தெரியாது. நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
- நாய்க் குடும்பம் (செந்நாய், நரி): நான்கு விரல்கள்தான். ஆனால் நகத்தின் நுனி மண்ணில் குத்தியிருக்கும்.
- கரடி: ஐந்து விரல், நீளமான நகக்கோடு. பின்னங்கால் தடம் மனுஷக் கால் மாதிரியே இருக்கும். புதுசா பார்ப்பவர்கள் பயந்துவிடுவதும் உண்டு.
- யானை: முன்னங்கால் தடத்தின் சுற்றளவை அளந்து இரண்டால் பெருக்கினால், ஏறக்குறைய அதன் தோள் உயரம் வந்துவிடும். தடத்தை வைத்தே குட்டியா, பெரியதா என்று சொல்லிவிடலாம்.

தடத்தோடு எச்சம், மரத்தில் நகக் கீறல், தரையைப் பறித்த அடையாளம், புழுக்கை எல்லாமே கணக்கில் வரும். எதைப் பார்த்தாலும் பக்கத்தில் ஸ்கேலோ நாணயமோ வைத்து ஒரு போட்டோ. இல்லாவிட்டால் பிறகு படத்தைப் பார்ப்பவருக்கு அது சிறுத்தையா, காட்டுப்பூனையா என்று அளவு தெரியாது.

இந்தப் பாடத்தை எந்தப் புத்தகமும் இல்லாமல் தெரிந்து வைத்திருப்பவர்கள் இந்த மலையின் பளியர் மக்கள். தேனும் கிழங்கும் தேடி தலைமுறைகளாக இந்தக் காட்டில் நடந்தவர்கள். பழகிய கண்ணுக்கு ஒரு புல் மடங்கிய விதமே அங்கே என்ன போனது, எப்போது போனது என்று சொல்லிவிடும். வெளியூரிலிருந்து வரும் தன்னார்வலர் மூன்று நாளில் கற்றுக்கொள்வது அதில் ஒரு துளிதான்.

அப்போ கால்தடம் போதாதா?

போதாது. இதை இந்தியா கசப்பான முறையில் கற்றுக்கொண்டது.

1966-ல் ஒடிசாவைச் சேர்ந்த வன அதிகாரி எஸ்.ஆர்.சௌத்ரி, புலியின் கால்தடத்தைப் பிரதியெடுத்து எண்ணும் முறையை அறிமுகப்படுத்தினார். ஒவ்வொரு புலியின் தடமும் கைரேகை மாதிரி வேறுபடும் என்பது நம்பிக்கை. 1972-ல் நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு 1,827 புலிகள் என்று சொன்னது. அடுத்த வருடமே புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. முப்பது வருடங்களுக்கு மேல் இதே முறைதான்.

சிக்கல் என்னவென்றால், ஒரே புலியின் தடம் ஈரமண்ணில் ஒரு மாதிரி, காய்ந்த மணலில் வேறு மாதிரி பதியும். நடந்தால் ஒரு அளவு, ஓடினால் ஒரு அளவு. எண்ணுபவர் ஒரு புலியை இரண்டு என்று நினைக்க வாய்ப்பு அதிகம். 2005-ல் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் உண்மை வெடித்தது. ஏட்டில் புலிகள் இருந்தன. காட்டில் ஒன்றுகூட இல்லை. வேட்டையாடி முடித்திருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். கணக்குச் சரியாக இருந்திருந்தால், பத்துப் புலி ஐந்தாகக் குறையும்போதே அபாய மணி அடித்திருக்கும். தப்பான கணக்கு இருக்கும் இடத்தில், யாரும் கவலைப்படவே மாட்டார்கள். அது கணக்கே இல்லாததைவிட மோசம்.

அதன் பிறகுதான் 2006 முதல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை கேமராவும் புள்ளியியலும் சேர்ந்த புதிய முறை வந்தது. கால்தடம் ஒதுக்கப்படவில்லை, அதன் வேலை மாறியது. எங்கே புலி நடமாட்டம் இருக்கிறது என்று காட்டுவது தடம். எத்தனை என்று சொல்வது கேமரா.

கேமரா ட்ராப் எப்படி வேலை செய்கிறது?

பெயர்தான் ட்ராப்; எதையும் பிடிக்காது. உள்ளே ஒரு சென்சார். உடல் சூடுள்ள ஏதாவது முன்னால் அசைந்தால் அது உணர்ந்து, நொடிக்குள் படம் எடுக்கும். தேதி, நேரம் படத்திலேயே பதியும்.

இந்த யோசனை புதியதல்ல. 1920-களிலேயே எஃப்.டபிள்யூ.சாம்பியன் என்ற வன அதிகாரி குமாவோன் காடுகளில் கம்பி கட்டி, புலியே அதை இழுத்துத் தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். அதை எண்ணிக்கைக்கான அறிவியலாக மாற்றியவர்களில் முன்னோடி உல்லாஸ் காரந்த். 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் அவர் செய்த வேலைதான் இன்று நாடு முழுக்க நடப்பதற்கு அடித்தளம்.

புலிக்கு வைக்கும்போது கேமரா ஜோடியாகத்தான் வைக்கப்படும். பாதையின் இரு பக்கமும் ஒன்று. காரணம், புலியின் வலப்பக்கக் கோடுகளும் இடப்பக்கக் கோடுகளும் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால், நாளைக்கு வேறு பக்கம் காட்டி வரும் அதே புலியைப் புதுப்புலி என்று எண்ணிவிடுவோம். இரண்டு ஃப்ளாஷும் ஒன்றையொன்று அடிக்காதபடி கொஞ்சம் விலக்கி வைக்க வேண்டும். முன்னால் இருக்கும் புல்லையும் கிளையையும் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் இலை ஆடியதற்கெல்லாம் படம் எடுத்து மெமரி கார்டு நிறைந்துவிடும்.

காட்டை 2 சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு ஜோடி என்பது பொதுவான முறை. குறைந்தது 25 நாளாவது அது அங்கே இருக்க வேண்டும். இடையில் யானை பிடுங்கி எறியலாம், உள்ளே எறும்பு கூடு கட்டலாம், பேட்டரி போகலாம். அதனால் நடந்து போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2022 தேசியக் கணக்கெடுப்பில் 32,588 இடங்களில் கேமரா வைக்கப்பட்டது. கிடைத்தது சுமார் 4.7 கோடி படங்கள். அதில் புலி இருந்தவை 97,399 மட்டும். அதாவது ஏறக்குறைய 480 படம் பார்த்தால் ஒரு புலி. மற்றதெல்லாம் மான், பன்றி, முள்ளம்பன்றி, மாடு, மனிதர், காற்றில் ஆடிய இலை.

பார்க்காத புலியை எப்படி எண்ணுகிறார்கள்?

இதுதான் பலருக்கும் வரும் சந்தேகம். கேமராவில் விழாத புலியும் இருக்குமே?

எளிமையான உதாரணம். ஒரு கல்யாண மண்டபத்தில் எத்தனை பேர் என்று தெரியாது. நீங்கள் சும்மா 10 பேரை போட்டோ எடுக்கிறீர்கள். அரை மணி நேரம் கழித்து இன்னொரு 10 பேரை எடுக்கிறீர்கள். இரண்டாவது பத்தில் 5 பேர் ஏற்கெனவே எடுத்த முகங்கள். அப்படியென்றால், முதலில் எடுத்த 10 பேர் மொத்தக் கூட்டத்தில் பாதி என்று ஊகிக்கலாம். கூட்டம் சுமார் 20 பேர். மாறாக, ஒரே ஒருவர்தான் திரும்ப வந்தார் என்றால் கூட்டம் 100-ஐத் தொடலாம்.

புலிக் கணக்கின் அடிப்படையும் இதுதான். எந்த இடத்தில் எது திரும்ப வந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவதால் இன்னும் துல்லியம் கூடும். இப்படித்தான் 2022-ல் இந்தியாவில் 3,682 புலிகள், தமிழ்நாட்டில் 306 புலிகள் என்ற மதிப்பீடு வந்தது. 2018-ல் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 264.

அணிலுக்கும் வரையாட்டுக்கும் வேறு கணக்கு

சாம்பல் நிற அணில் இந்த மலையின் அடையாளம். ஓடையோர மரங்களின் உச்சியில் வாழும்; கீழே இறங்குவதே அபூர்வம். முழங்கால் உயரக் கேமராவில் அது எங்கே சிக்கும்? அதனால் அண்ணாந்து பார்த்துக் கூடுகளை எண்ணுவார்கள். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே அணில் பல கூடுகள் கட்டும். கூட்டின் எண்ணிக்கையை அப்படியே அணிலின் எண்ணிக்கையாக எடுத்தால் சரிஸ்கா கதைதான் திரும்பும். நேரில் பார்த்த அணில்களையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் இந்த அணிலால் நகர முடியும். நடுவில் நாலு மரம் வெட்டினால் அதற்குப் பாலம் உடைந்த மாதிரி. கூடு எங்கே குறைகிறது என்ற வரைபடம், எங்கே மரத்தை விட்டுவைக்க வேண்டும் என்ற வரைபடமும்கூட.

மலை உச்சியின் புல்வெளியில் வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் பேய்மலை மொட்டை போன்ற உயரப் பகுதிகள் இதன் வாழிடம். அரசு இதற்கென 25.14 கோடி ரூபாயில் நீலகிரி வரையாடு திட்டத்தைத் தொடங்கியது. 2024-ல் நடந்த முதல் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள். 2025-ல் கேரளத்தோடு சேர்ந்து ஒரே நேரத்தில் எடுத்தபோது தமிழ்நாட்டில் 1,303.

இதில் பயன்படும் ஒரு முறை சுவாரஸ்யமானது. ஒரே பாதையில் இரண்டு குழுக்கள் இடைவெளி விட்டுப் போகும். ஒருவர் பார்த்ததை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. கடைசியில் இரண்டு குறிப்பையும் ஒப்பிடுவார்கள். முதல் குழு தவறவிட்டதை இரண்டாவது குழு எவ்வளவு பிடித்தது என்பதை வைத்து, இருவருமே தவறவிட்டது எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுவார்கள். கல்யாண மண்டபக் கணக்கின் இன்னொரு வடிவம்.

தன்னார்வலருக்கு என்ன வேலை?

புலிகள் காப்பகங்களில் வழக்கமாக மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் கணக்கெடுப்பு நடக்கும். இது தவிர யானை, வரையாடு, பறவைகள் என்று தனித்தனிக் கணக்கெடுப்புகள். நாலு வருடத்துக்கு ஒருமுறை தேசிய அளவிலான புலிக் கணக்கெடுப்பு. இவற்றில் வனத்துறை ஊழியர்களோடு கல்லூரி மாணவர்கள், இயற்கை ஆர்வலர்கள் குழுக்களில் சேர்க்கப்படுவது உண்டு.

ஒரு குழுவில் பொதுவாக வனக்காப்பாளர், வேட்டைத் தடுப்புக் காவலர், ஓரிரு தன்னார்வலர்கள் இருப்பார்கள். முதல் நாள் வகுப்பு. பிறகு பீட் ஒதுக்கப்படும். விடிந்தும் விடியாமல் நடை. ஊனுண்ணிகளின் தடம் தேடும் நாள்களில் பாதை குறைந்தது 5 கிலோமீட்டர். தாவர உண்ணிகளுக்கு 2 கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதை. மான் கூட்டத்தைக் கண்டால் எத்தனை, எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் என்று குறிக்க வேண்டும். பதிவெல்லாம் 'எம்-ஸ்ட்ரைப்ஸ்' என்ற மொபைல் ஆப்பில். நடந்த பாதை ஜிபிஎஸ்-ல் பதிவாகும் என்பதால் டீக்கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்ப முடியாது.

ஒரு விஷயத்தை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் நடந்தும் ஒரு மான்கூடப் பார்க்காமல் திரும்பலாம். அந்த 'எதுவும் இல்லை' என்பதும் தரவுதான். ஏமாற்றமாக இருக்கிறதே என்று 'ஒரு சிறுத்தை மாதிரி தெரிஞ்சுது' என எழுதினால், அந்த மூன்று நாள் உழைப்பும் வீண்.

எப்படிச் சேர்வது?

1. அறிவிப்பைக் கவனியுங்கள். கணக்கெடுப்புக்கு முன்பு புலிகள் காப்பக அலுவலகமோ மாவட்ட வனத்துறையோ தன்னார்வலர்களை அழைக்கும். செய்தித்தாள், வனத்துறையின் சமூக வலைதளப் பக்கங்களில் வரும்.
2. உள்ளூர் அமைப்புகளோடு பழகுங்கள். ராஜபாளையத்தில் வனவிலங்கு சங்கம் ஒன்று நீண்ட காலமாக இயங்குகிறது. கல்லூரிகளின் விலங்கியல் துறைகளும் நல்ல வாசல்.
3. பறவையில் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை ஊர்க் கண்மாய்க் கரையிலேயே செய்யலாம். பழகிய கண்ணுக்கு மலையில் மதிப்பு அதிகம்.
4. உடல் தகுதி. சமதளத்தில் 10 கிலோமீட்டர் நடக்க முடியாதவர் மலைக்குப் போனால் குழுவுக்கே பாரம். மருந்து, ஒவ்வாமை விவரங்களை மறைக்காமல் சொல்லுங்கள்.
5. சம்பளம் கிடையாது. முகாமில் தங்கும் இடமும் எளிய சாப்பாடும் கிடைத்தாலே பெரிது. மின்சாரம், சிக்னல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.
6. உடை. மங்கலான நிறம், முழுக்கை, நல்ல பிடிமானமுள்ள ஷூ, அட்டைக்கு நீளமான சாக்ஸ். சென்ட் வேண்டவே வேண்டாம்.

நானே கேமரா வாங்கிக் காட்டில் கட்டலாமா?

கூடாது. ஆன்லைனில் கேமரா ட்ராப் கிடைக்கிறதுதான். ஆனால் புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சொந்தத் தோப்பில், உங்கள் பட்டா நிலத்தில் வைப்பது வேறு விஷயம்.

இது வெறும் சட்டப் பிரச்சினையும் அல்ல. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் இளைஞர்கள் அதிகம். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாயின. காட்டில் யார், எத்தனை பேர், எந்தப் பாதையில் இருக்கிறார்கள் என்பது வனத்துறைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விதி.

போட்டோவிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. புலித் தடத்தை எடுத்து, லொகேஷனோடு ஸ்டேட்டஸ் போடுவது வேட்டைக்காரருக்கு வழி காட்டுவது மாதிரி. கணக்கெடுப்பில் கிடைக்கும் எந்தத் தரவும் துறையின் அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது.

கேமரா பார்க்கக் கூடாதவை

இதைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. காட்டுக் கேமராவில் விலங்குகள் மட்டும் விழுவதில்லை. விறகுக்கும் தேனுக்கும் போகும் மக்களும் விழுகிறார்கள்.

உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகப் பகுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய் செய்த ஆய்வு 2024-ல் வெளியானது. காட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் கேமராவில் பதிவாகி, உள்ளூர் ஆண்களால் பரப்பப்பட்டதை அது வெளியே கொண்டுவந்தது. கேமராவுக்குப் பயந்து பெண்கள் தங்களுக்குள் பேசுவதையும் பாடுவதையும் குறைத்துக்கொண்டார்கள் என்றும் அது சொன்னது. சத்தம் போட்டு நடப்பது விலங்குகளை விலக்கி வைக்கும் பழக்கம். சத்தம் குறைந்தால் ஆபத்து கூடும்.

2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்குத் தேன் போன்ற சிறு வனப்பொருள்களை எடுக்கும் உரிமையைத் தருகிறது. அவர்கள் நடக்கும் பாதையில் கேமரா வைப்பதாக இருந்தால் அவர்களிடம் சொல்லிவிட்டு வைப்பதும், மனிதர் இருக்கும் படங்களை உடனே தனியே பிரித்து அழிப்பதும் குறைந்தபட்ச மரியாதை. தன்னார்வலர் கையில் மெமரி கார்டு வரும்போது, அதில் யாரோ ஒருவரின் அந்தரங்கமும் இருக்கலாம். ஒரு படத்தைக்கூட தன் போனுக்கு மாற்றக் கூடாது.

அதேபோல, தடம் காட்டிக்கொடுத்த பளியர் காவலரின் பெயர் அறிக்கையில் இடம்பெறுகிறதா என்று பார்ப்பதும் நல்ல தன்னார்வலரின் வேலைதான்.

மலையேற முடியாதவர்கள் என்ன செய்யலாம்?

கோடிக்கணக்கில் படங்கள் குவியும்போது அதைப் பிரிப்பதே தனி வேலை. தான்சானியாவின் செரங்கெட்டியில் 225 கேமராக்கள் வைத்து எடுத்த படங்களை ஆராய்ச்சியாளர்கள் இணையத்தில் போட்டார்கள். 28,000-க்கும் மேற்பட்ட பதிவுசெய்த தன்னார்வலர்கள் வீட்டில் இருந்தபடியே இது வரிக்குதிரை, இது சிங்கம் என்று அடையாளம் சொன்னார்கள். பலர் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தபோது, நிபுணர்களின் பதிலோடு சுமார் 97 சதவீதம் ஒத்துப்போனது. 'ஸூனிவர்ஸ்' தளத்தில் இப்படி இன்றும் பல திட்டங்கள் ஓடுகின்றன. பஸ்ஸில் போகும்போது ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில் இதைச் செய்யலாம்.

உங்கள் தெருவில் பார்க்கும் அணில், பறவை, பட்டாம்பூச்சியை 'ஐநேச்சுரலிஸ்ட்', 'இபேர்ட்' ஆப்களில் பதிவு செய்வதும் தரவுதான். ஆபத்தில் இருக்கும் உயிரினங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மங்கலாக்கிவிடும்.

ஒரு ஆசிரியர், ஒரு மலை

நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி.ஜான்சிங், 1970-களில் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். பிறகு பந்திப்பூரில் செந்நாய்களைப் பற்றி அவர் செய்த ஆய்வு இந்திய வனவிலங்கு ஆராய்ச்சியின் மைல்கற்களில் ஒன்றானது. டேராடூனில் உள்ள இந்திய வனஉயிரின நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களை உருவாக்கினார். ஜே.ஜோஷுவாவோடு சேர்ந்து அவர் வெளியிட்ட சாம்பல் நிற அணில் ஆய்வு, இந்த மலையின் அழகர்கோயில் பள்ளத்தாக்கில் நடந்தது. 2024 ஜூனில் காலமாகும்வரை காடுகளில் நடப்பதை அவர் விடவில்லை. அவர் தொடங்கியபோது கையில் ஆப் இல்லை, சென்சார் கேமரா இல்லை. நடந்தார், பார்த்தார், எழுதினார்.

மடவார் வளாகத்திலிருந்து தெரியும் நீல மலைக்குள் எத்தனை புலி, எத்தனை வரையாடு, எத்தனை அணில் என்ற கேள்விக்கு இன்றைய பதில் நாளைக்குப் பழசாகிவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் யாராவது நடந்து போய்ப் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுத வேண்டியிருக்கிறது. அடுத்த அறிவிப்பு வரும்போது அந்த 'யாராவது' நீங்களாகவும் இருக்கலாம். இப்போதைக்கு, காலையில் 5 கிலோமீட்டர் நடந்து பழகுங்கள்.